கனத்த பாதமுள்ள எழுத்து: ஸ்லாப் செரிஃப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைப் பலகை, மலர் அட்டை, துணிப்பை என்று எதற்கு ஆங்கில எழுத்து தேர்ந்தெடுக்க உட்கார்ந்தாலும் "நல்லா கனமா, பார்த்ததும் படிக்கிற மாதிரி ஒண்ணு போடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் மனதில் இருப்பது பல நேரம் ஸ்லாப் செரிஃப் வகை எழுத்துதான், பெயர் மட்டும் தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த எழுத்து வகை இது. இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நடுநாயகமாக கிளாரெண்டனை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1845இல் லண்டனில் பிறந்து இன்றும் வேலை செய்துகொண்டிருக்கும் எழுத்து அது.

ஸ்லாப் செரிஃப் என்றால் என்ன?

டைம்ஸ் நியூ ரோமனில் ஆங்கிலப் பெரிய 'ஐ' (I) எழுத்தைப் பாருங்கள். நடுவே ஒரு தூண், மேலும் கீழும் சின்னதாக இரண்டு கோடுகள். அந்தச் சின்னக் கோட்டுக்குத்தான் செரிஃப் என்று பெயர். டைம்ஸில் அது மெலிந்து, நுனியில் கூராக முடியும். ஏரியலில் அது கிடையவே கிடையாது. அதே கோடு தூணுக்குச் சமமாகத் தடித்து, செங்கல் வைத்ததுபோல் சதுரமாக முடிந்தால் அது ஸ்லாப் செரிஃப். நான் அதைப் பாதம் என்றே சொல்வேன். இந்த எழுத்து தரையில் இரண்டு கால்களையும் ஊன்றி நிற்பதுபோல இருக்கும், அதனால்.

எல்லா ஸ்லாப் செரிஃபும் ஒன்றுதானே?

இல்லை. பாதமும் தூணும் சேரும் மூலையைப் பாருங்கள், வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

1934இல் மோனோடைப் நிறுவனம் வெளியிட்ட ராக்வெல் எழுத்தில் அந்த மூலை வெட்டினாற்போல் செங்கோணம். 'ஓ' ஏறக்குறைய முழு வட்டம். எல்லாக் கோடும் ஒரே தடிமன்போலத் தெரியும். பெரிய 'ஏ'யின் (A) உச்சியில்கூட தொப்பி வைத்ததுபோல் ஒரு பட்டை உட்கார்ந்திருக்கும். ராக்வெல்லை அடையாளம் காண அது ஒன்றே போதும்.

கிளாரெண்டனில் அந்த மூலை வளைந்து இறங்கும், மரத்தின் அடித்தண்டு வேரோடு சேர்வதைப்போல. கோடுகளில் தடிப்பு மெலிவு கொஞ்சம் உண்டு. சின்ன 'ஏ', 'சி', 'ஆர்' (a, c, r) ஆகியவற்றின் நுனியில் உருண்டையாக ஒரு பொட்டு. பெரிய 'ஆர்' காலை நீட்டி, கடைசியில் நுனியை மேல்நோக்கிச் சுருட்டிக்கொள்ளும். ராக்வெல் அளவுகோல் வைத்துப் போட்டது போலிருக்கும். கிளாரெண்டனில் கை தெரியும். இரண்டும் கனமான எழுத்துதான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

இப்படி ஓர் எழுத்து எதற்காகத் தேவைப்பட்டது?

அதற்கு முன்னால் அச்செழுத்து என்றாலே புத்தகத்துக்குத்தான். கையில் வைத்துப் படிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தொழிற்சாலையும் நகரக் கூட்டமும் பெருகியபோது அச்சகங்களுக்குப் புது வேலை வந்தது. லாட்டரி அறிவிப்பு, நாடக அறிவிப்பு, குதிரை வண்டி நேரம், ஏல விளம்பரம், எல்லாமே சுவரில் ஒட்டுவது. தெருவில் நடந்து போகிறவர் நிற்காமலே படிக்க வேண்டும். பக்கத்துச் சுவரொட்டியைவிட நம்முடையது முன்னால் வந்து நிற்க வேண்டும்.

முதலில் புத்தக எழுத்தின் தடித்த கோட்டை மட்டும் ஊதிப் பெருக்கிப் பார்த்தார்கள். ஃபேட் ஃபேஸ் என்று அதற்குப் பெயர். தூண் யானைக்கால்போல இருக்கும், பாதமோ மயிரிழைதான். தூரத்தில் அந்த மயிரிழை கண்ணுக்குத் தெரியாது, வெறும் கறுப்புத் தூண்கள்தான் தெரியும். அப்புறம்தான் பாதத்தையும் தடிமனாக்கும் யோசனை வந்தது. லண்டன் எழுத்து வார்ப்பாளர் வின்சென்ட் ஃபிகின்ஸ் 1817 வாக்கில் 'ஆன்டீக்' என்ற பெயரில் அச்சிட்டுக் காட்டியதுதான் நமக்குக் கிடைக்கும் முதல் ஸ்லாப் செரிஃப். நான் இதை விளம்பரத்துக்கென்றே பிறந்த முதல் எழுத்துகளில் ஒன்றாகப் பார்க்கிறேன். புத்தகத்திலிருந்து கடன் வாங்காமல் சுவரைப் பார்த்து வரைந்தது.

இதை எகிப்தியன் என்றும் சொல்கிறார்களே, எகிப்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வடிவத்தில் ஒரு தொடர்பும் இல்லை. நெப்போலியன் 1798இல் எகிப்துமீது படையெடுத்த பிறகு ஐரோப்பா முழுக்க எகிப்து மோகம் பிடித்தது. நாற்காலி, கட்டிடம், நகை என்று எதை எடுத்தாலும் எகிப்து பாணி. அந்த அலையில் எழுத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. குழப்பம் என்னவென்றால், 1816இல் கேஸ்லன் வார்ப்பகம் (அச்செழுத்து வார்க்கும் பட்டறை) வெளியிட்ட பாதமே இல்லாத எழுத்துக்கும் எகிப்தியன் என்றுதான் பெயர். அதற்குப் பிறகு அந்தப் பெயர் இந்தப் பக்கம் சாய்ந்து, இங்கேயே தங்கிவிட்டது.

நூறு வருடம் கழித்தும் பழக்கம் விடவில்லை. 1929இல் ஜெர்மனியின் ஸ்டெம்பல் வார்ப்பகம் ருடால்ஃப் வோல்ஃப் வரைந்த ஸ்லாப் செரிஃபுக்கு மெம்ஃபிஸ் என்று பெயர் வைத்தது. அடுத்து வந்தவை கார்னக், கெய்ரோ. மூன்றும் எகிப்து ஊர்களின் பெயர்கள்.

கிளாரெண்டன் மட்டும் ஏன் தனியாகப் பேசப்படுகிறது?

1845இல் லண்டன் ஃபான் தெரு வார்ப்பகத்தில் ராபர்ட் பெஸ்லி இதை வெளியிட்டார். எழுத்தின் மூல அச்சுகளை உலோகத்தில் வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரெண்டன் அச்சகத்தின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள்.

இது சுவரொட்டிக்காக வந்ததில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அகராதியில் தலைச்சொல் தனியாகத் தெரிய வேண்டும், மற்ற வரிகளோடு ஒரே அளவில் உட்காரவும் வேண்டும். அதற்கு முன் அச்சுக்கோப்பவர்கள் கையில் கிடைத்த ஏதாவது ஒரு கறுத்த எழுத்தை நடுவில் செருகுவார்கள், அது வரியை விட்டுத் துருத்திக்கொண்டு நிற்கும். புத்தக எழுத்தோடு ஒத்துப்போகும்படி வரைந்த தடித்த எழுத்து கிளாரெண்டன். இன்று நாம் கணினியில் 'போல்டு' பொத்தானை அழுத்தும்போது நடக்கும் காரியத்துக்கு இது மூதாதை.

பெஸ்லி இதை 1842ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவும் செய்தார். கிடைத்த பாதுகாப்பு 3 வருடம்தான். அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் எல்லாம் தங்கள் கிளாரெண்டனைக் கொண்டுவந்தன. காலப்போக்கில் கிளாரெண்டன் என்பது ஓர் எழுத்தின் பெயர் என்பது போய் ஒரு குலத்தின் பெயராகவே ஆகிவிட்டது. பெஸ்லி பிற்பாடு, 1869இல், லண்டன் நகர மேயரானார்.

நாம் இன்று கணினியில் பார்க்கும் அகலமான கிளாரெண்டன் பெரும்பாலும் 1953இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் மறுபடி வரைந்ததன் வழி வந்தது. இரண்டு வருடத்தில் அமெரிக்காவில் ஃப்ரீமன் கிரா தன் பங்குக்கு ஒன்று வரைந்தார்.

பார்த்ததும் கௌபாய் படச் சுவரொட்டி நினைவுக்கு வருகிறதே?

அது அமெரிக்க மரஎழுத்தின் வேலை. ஈயக் கலவையில் பெரிய எழுத்து வார்ப்பது சிரமம். கனம் தாங்காது, செலவு அதிகம், ஆறும்போது முகப்பு குழிந்துவிடும். 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் சுழலும் வெட்டுளி கொண்டு மரத்தில் எழுத்தைக் குடைந்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பான்டோகிராஃபை இணைத்தார். ஒரு மாதிரி வரைந்தால் போதும், அதையே தடம்பிடித்து எந்த அளவிலும் வெட்டலாம். மேப்பிள் மரத்தின் குறுக்குவெட்டு முகப்பில் வெட்டிய அந்த எழுத்துகள் லேசானவை, மலிவானவை, பல்லாயிரம் பிரதிகளுக்குத் தாங்குபவை. விஸ்கான்சின் மாநிலத்தின் டூ ரிவர்ஸ் ஊரில் 1880இல் தொடங்கிய ஹாமில்டன் நிறுவனம் இந்தத் தொழிலில் கொடிகட்டிப் பறந்தது. அதே ஊரில் இன்று மரஎழுத்துக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

கௌபாய் சுவரொட்டியில் நீங்கள் பார்ப்பது சாதாரண கிளாரெண்டன் அல்ல, ஃப்ரெஞ்ச் கிளாரெண்டன். அதில் பாதம் தூணைவிடத் தடிமன். வழக்கத்தைத் தலைகீழாக்கியது. அந்தத் தோற்றம் குதிரை, துப்பாக்கி, சர்க்கஸ் கூடாரம் இவற்றோடு ஒட்டிப் பிறந்ததுபோல ஆகிவிட்டது. அந்த நினைப்பு வேண்டாம் என்றால் பாதம் தூணைவிடத் தடித்த வகைகளைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற ஸ்லாப் செரிஃபுகளில் அந்த வாடை அவ்வளவாக வராது.

ஏன் இதைப் பார்த்தால் நம்பிக்கை வருகிறது?

எழுத்தின் எடை கீழே தங்குவதால் என்று நினைக்கிறேன். பாதங்கள் பக்கத்து எழுத்தை நோக்கி நீள்வதால் சொல் முழுவதும் ஒரே மேடைமேல் நிற்பதுபோல் தெரியும். அசையாது என்ற உணர்வு வரும்.

பெரிய நிறுவனங்கள் இதைத் தெரிந்துதான் எடுத்தன. 1956இல் பால் ராண்ட் ஐபிஎம்முக்குச் சின்னம் வரைந்தபோது ஜார்ஜ் ட்ரம்ப்பின் 'சிட்டி' என்ற ஸ்லாப் எழுத்தைத் தழுவினார். 1972இல் அதே எழுத்தைத்தான் எட்டுப் பட்டைகளாகக் கீறினார். பாதம் இல்லாத எழுத்தாக இருந்திருந்தால் முதல் 'ஐ' வெறும் ஒற்றைத் தூணாகி, கீறிய பிறகு கோடுகளின் அடுக்காக மட்டும் நின்றிருக்கும். சோனி, வோல்வோ, ஹோண்டா பெயர்களையும் ஒருமுறை பாதங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். அமெரிக்க தேசியப் பூங்காக்களின் சாலைப் பலகைகளிலும் நெடுங்காலம் கிளாரெண்டன் இருந்தது. பிறகு அந்த இடத்துக்காக ஜேம்ஸ் மொண்டல்பானோ 'என்பிஎஸ் ராலின்சன்' எழுத்தை வரைந்தார்.

எப்போதும் விறைப்பாகத்தான் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2001இல் ஒரு அமெரிக்க இல்லற இதழுக்காக வந்த 'ஆர்ச்சர்' எழுத்தில் அதே பாதம் இருக்கிறது, நுனிகளில் சின்ன உருண்டைகளோடு, கையால் எழுதிய சமையல் குறிப்புபோல மென்மையாக.

தட்டச்சு எழுத்தும் ஸ்லாப் செரிஃப்தானா?

ஆமாம், ஆனால் அங்கே காரணம் வேறு. தட்டச்சு இயந்திரத்தில் 'எம்'முக்கும் 'ஐ'க்கும் ஒரே அகலம்தான். சின்ன 'ஐ'யைச் சும்மா விட்டால் இரண்டு பக்கமும் பள்ளம் விழும். அதற்கு அகலமான பாதம் கொடுத்தால் இடம் நிரம்பும். 1950களில் ஐபிஎம்முக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த கூரியர் இப்படித்தான். அமெரிக்க வெளியுறவுத் துறை 2004 வரை தன் ஆவணங்களைக் கூரியரில்தான் தயாரித்தது. தலைப்புக்குப் போடும் எழுத்து அல்ல அது. உறவு உண்டு, வேலை வேறு.

போல்டு ஸ்லாப் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கறுப்பைப் பார்க்காதீர்கள், உள்ளே மிஞ்சியிருக்கும் வெள்ளையைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எழுத்து தடிக்கத் தடிக்க வெளியே வளர இடமில்லாமல் உள்நோக்கி வளரும். சின்ன 'இ'யில் (e) மூன்று படுக்கைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடங்க வேண்டும். சின்ன 'எம்'மில் மூன்று தூண்கள், ஒவ்வொன்றுக்கும் பாதம். எல்லாப் பாதத்தையும் முழு நீளத்தில் வைத்தால் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். நல்ல எழுத்து வரைவாளர் நடுப்பாதத்தைக் குறுக்குவார், படுக்கைக் கோட்டைத் தூணைவிட ஒரு இழை மெலிதாக்குவார். நம் கண்ணுக்குப் படுக்கைக் கோடு எப்போதும் கொஞ்சம் தடிமனாகத் தெரியும். அதனால் சமமாகத் தெரிய வேண்டுமென்றால் சமமாக வரையக் கூடாது. ராக்வெல்லிலும் இதே கதைதான், உருப்பெருக்கி அளந்து பாருங்கள்.

என் அனுபவம் ஒன்று. ஒரு திருமணத்துக்குத் துணிப்பையில் பெயர் போடும் வேலை. மிகக் கனமான ஸ்லாப் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன், திரையில் அவ்வளவு அழகாக இருந்தது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மை துணியில் ஊறிப் பரவி, 'ஏ', 'இ' இரண்டின் வயிறும் அடைத்துக்கொண்டது. 300 பை. பெயர் வரவில்லை, கறுப்புக் கட்டிகள்தான் வந்தன. தப்பு என்னுடையதுதான். அன்றிலிருந்து துணி, சாக்கு, மட்டமான தாள் என்றால் ஒரு படி மெலிந்த எடையைத்தான் (எழுத்தின் தடிமன் அளவுக்கு எடை என்று பெயர்) எடுக்கிறேன், அச்சில் அதுவே தடித்துக்கொள்ளும். வினைல் வெட்டுக்கும் பளபளப்புத் தாளுக்கும் இந்தக் கவலை இல்லை.

இடம் பத்தவில்லை என்றால் எழுத்தை இழுத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து வேண்டாம். பக்கவாட்டில் 130 சதவீத அகலத்துக்கு இழுத்தால் தூண் 30 சதவீதம் தடிக்கும், பாதம் தடிக்காது. நசுக்கினால் தூண் மெலிந்து பாதம் மட்டும் பழைய கனத்தில் நிற்கும், உங்களுக்கே தெரியாமல் கௌபாய் எழுத்து வந்துவிடும். தூணுக்கும் பாதத்துக்கும் உள்ள விகிதம்தான் இந்த எழுத்தின் உயிர். குறுகிய இடம் என்றால் 'கண்டென்ஸ்டு' என்றே வரைந்த வகையைத் தேடுங்கள். இல்லாவிட்டால் பாயிண்டை, அதாவது எழுத்தின் அளவை, குறையுங்கள்.

எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி?

பெரிய அளவில் கொஞ்சம் நெருக்கலாம். பாதங்கள் தொடுவதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். தொட்டுவிட்டால் சொல்லுக்குக் கீழே ஒரு தொடர் கோடு உருவாகி, அடிக்கோடு போட்டதுபோல் ஆகிவிடும். எல்லாம் பெரிய எழுத்தாக இருந்தால் கீழே தொங்கும் வால் இல்லை, அதனால் வரிகளை நன்றாக நெருக்கி அடுக்கலாம். இரண்டு மூன்று சொற்களை இப்படிச் செங்கல் சுவர்போல அடுக்குவது இந்த எழுத்துக்கு மிகவும் பொருந்தும்.

பத்தி பத்தியாக எழுத உதவுமா?

போல்டு உதவாது. நான்கு வரியில் கண் களைத்துவிடும். மெலிந்த எடைகள் உதவும், அதற்கென்றே வரைந்தவை உண்டு. கிண்டில் கருவிகளில் நெடுநாள் இருந்த பிஎம்என் சிசிலியா ஒரு ஸ்லாப் செரிஃப்தான்.

தமிழ் எழுத்தோடு சேர்த்துப் போட்டால் ஒத்துவருமா?

வரும், ஆனால் தமிழை முதலில் வையுங்கள். நம் எழுத்தில் பெரிது சின்னது கிடையாது. மேலே கொக்கி, கீழே வால் என்று உயரம் மாறிக்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தை முழுக்கப் பெரிய எழுத்தில் ஸ்லாபாகப் போட்டு, அதே பாயிண்டில் தமிழைப் பக்கத்தில் வைத்தால் தமிழ் பெரும்பாலும் சிறுத்து நிற்கும். பாயிண்டை மறந்துவிடுங்கள். 'ப' எழுத்தின் உயரத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தோடு கண்ணால் ஒட்டி வைத்துப் பாருங்கள், அங்கிருந்து தொடங்குங்கள். அப்புறம் கறுப்பின் அளவைப் பொருத்துங்கள். பலூ தம்பி, அனெக் தமிழ், கேட்டமரன் ஆகியவற்றில் உண்மையாகவே கனமாக வரைந்த எடைகள் இருக்கின்றன. மெலிந்த தமிழ் எழுத்துக்கு மென்பொருளில் வெளிக்கோடு போட்டுத் தடிமனாக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அதில் 'ண', 'இ', 'ஐ' ஆகியவற்றின் சுழிகள் அடைந்துபோகும். துணிப்பையில் எனக்கு நடந்ததுதான் அங்கும் நடக்கும்.

தமிழிலேயே ஸ்லாப் செரிஃப் உண்டா?

செரிஃப் என்பது ரோமானிய எழுத்தோடு வந்த சொத்து, கல்வெட்டில் தொடங்கி வந்தது. தமிழ் எழுத்தின் கட்டமைப்பில் அதற்கு இடம் இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ் என்ற பெயரில் ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே பாதம் கிடையாது, கோடுகளில் தடிப்பும் மெலிவும் இருக்கும், ஆங்கிலச் செரிஃபோடு சேர்ந்து நிற்க வரைந்தது என்பதால் அந்தப் பெயர்.

'க'வுக்கும் 'ழ'வுக்கும் பட்டை ஒட்டிப் பார்த்தவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை, எழுத்துக்குச் சம்பந்தமில்லாத செருப்பை மாட்டியதுபோல் இருக்கிறது. கனம் வேண்டும் என்றால் அதைத் தமிழ் வழியிலேயே தேடலாம். நம் ஊர்ச் சுவர்களில் பட்டைத் தூரிகையால் எழுதியவர்களின் கையைப் பாருங்கள். 'ட', 'ப', 'ம' ஆகியவற்றின் தட்டையான அடிக்கோட்டுக்கு அவர்கள் கொடுத்த கனமே போதும், சொல் தரையில் நிற்கும். இதைக் கருத்தில் வைத்து யாராவது ஒரு முழுக் குடும்பம் வரைந்தால் முதல் ஆளாக வாங்கிப் பயன்படுத்துவேன்.

காசு கொடுக்காமல் எதில் தொடங்கலாம்?

ஆல்ஃபா ஸ்லாப் ஒன் மிகக் கனமானது, ஒரே எடைதான், தலைப்புக்கு மட்டும். சங்க்ஃபைவ் கிட்டத்தட்ட அதே தடிமன், கொஞ்சம் நெகிழ்வு அதிகம். பெவன் 1930களின் ஜெர்மன் பாணி. ரொக்கிட்டும் ரோபோட்டோ ஸ்லாபும் பல எடைகளில் வருகின்றன, ஒரே குடும்பத்தில் தலைப்பும் விவரமும் போட வேண்டியிருந்தால் இவை வசதி. கட்டணமில்லாதவைதான், இருந்தாலும் உரிம வரிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இவற்றில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழைத் தட்டினால் கணினி தானாக வேறொரு எழுத்துருவை நுழைத்துவிடும், கவனிக்காமல் அச்சுக்குப் போய்விடக் கூடாது. ரூபாய்க் குறியீடு 2010இல்தான் வந்தது, அதற்கு முன் வெளியான எழுத்துருக்களில் பெரும்பாலும் இருக்காது. விலைப் பட்டியல் வேலை என்றால் அதை முதலில் சோதியுங்கள்.

தேர்ந்தெடுத்ததும் பெயரை நிஜ அளவில் ஒரு தாளில் எடுத்து எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டு, வாசல்வரை நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். ஆங்கில 'இ'யின் வயிற்றில் வெள்ளை தெரிந்தால் அச்சுக்கு அனுப்பலாம்.